பக்கத்து வீட்டு வாசலில் ஒரு புதன்கிழமை

என் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்த வரை எனக்கு அலாரமே தேவைப்பட்டதில்லை. கிழக்கு வெளுப்பதற்கு முன்னாலேயே அது கடகடவென்று தொடங்கிவிடும். அரிசி மசிய மசிய சத்தம் இளகும். உளுந்து போட்டால் இன்னும் மெத்தென்று ஆகும். பாதித் தூக்கத்தில் நான் அந்தச் சத்தத்தின் மேலேயே மிதந்துகொண்டிருப்பேன். தலையணை லேசாக அதிரும். மாரிக்குப்பத்தில் கிளம்பிய முதல் ரயில் கோரமண்டல் ஸ்டேஷனை நெருங்கும்போது ஊதுவது, எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்கும். அந்த ரயிலில்தான் என் வீட்டுக்காரர் பெங்களூருக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போவார். அவர் எழுந்ததும் போனதும் எனக்குக் கனவா நிஜமா என்று தெரியாது. கிரைண்டர் நின்றால்தான் முழு விழிப்பு வரும். நின்ற கையோடு சுவரில் இரண்டு தட்டு விழும். டொக், டொக். காபி போட்டாச்சு, எழுந்து வாடி என்று அர்த்தம்.

தட்டுகிறவள் பக்கத்து வீட்டுக்காரி. ஸ்கெலட்டன் என்கிற எங்கள் ஏரியாவில், தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்காகக் கட்டிய லைன் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. எனக்கும் அவளுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவர்தான். அவள் பக்கத்தில் புத்தர் படம், என் பக்கத்தில் முருகன் படம். இருவரும் அதே லைனில் பிறந்து, அங்கேயே கல்யாணமாகி, பெற்றவர்கள் போன பிறகும் அதே வீடுகளில் தங்கிவிட்டவர்கள். என் போனில் அவள் நம்பரைச் 'சுவர்' என்றுதான் போட்டு வைத்திருந்தேன். அவளிடம் ஒருநாள் காட்டினேன். "போடி லூசு, நானா சுவரு? நீதான் வாய் கீற சுவரு" என்றாள்.

அந்தத் தட்டுக்கு ஒரு கணக்கு இருந்தது. எங்கள் இரண்டு பேர் அப்பாக்களும் ஒரே சுரங்க ஷாஃப்டில், ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவர்கள். கீழே லெவலில் நிற்கிறவர் மணி அடித்துத்தான் மேலே இன்ஜின் ஓட்டுகிறவருக்குச் சேதி சொல்வாராம். மூன்று தடவை மணி அடித்தால், மேலே இழுக்கிற கேஜ் கூண்டில் இருப்பது கல் இல்லை, ஆள் ஏறியிருக்கிறது, பார்த்து மெதுவாக இழு என்று அர்த்தமாம். சின்ன வயதில் நாங்கள் அதை எடுத்துச் சுவருக்கு வைத்துக்கொண்டோம். ஒரு தட்டு என்றால் வாயை மூடு, எங்கம்மா வருது. இரண்டு என்றால் வா. மூன்று என்றால் விளையாட்டு இல்லை, கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வா. அவள் அப்பா இருமி இருமி மூச்சு நின்ற அன்று மூன்று தட்டினாள். என் பெண் பிறக்க வலி கண்ட அன்று நான் மூன்று தட்டினேன். நாற்பது வருடத்தில் அந்த மூன்றை நாங்கள் தப்பாக உபயோகித்ததே இல்லை. லைனுக்கு வெளியே யாருக்கும் இது தெரியாது. என் வீட்டுக்காரர் பேத்தமங்களாவில் நிலம் நீச்சு என்று வளர்ந்தவர். தட்டு காதில் விழுந்தால் எலி ஓடுது போல என்பார்.

இதையெல்லாம் இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு புதன்கிழமைக்குப் பிறகு அந்தச் சுவர் ஊமையாகிவிட்டது. அவள் மறுபடி தட்டுவாளா மாட்டாளா என்கிற ஒரே கேள்வியோடு நான் ஒரு மழைக்காலம் முழுவதையும் கழித்தேன்.

குழு லோனுக்கு என்னை இழுத்தது அவள்தான். மாவு வியாபாரத்துக்கு ஒரு பெரிய கிரைண்டரும் ஃபிரிட்ஜும் வேண்டும் என்று பேங்குக்குப் போனாள். சம்பளச் சீட்டு எங்கே என்றார்கள். மாவு அரைக்கிறவளுக்கு எவன் சம்பளச் சீட்டு கொடுப்பான்? அதன்பிறகுதான் இந்தக் கம்பெனி வந்தது. பத்திரம் வேண்டாம், நகை வேண்டாம், இன்னும் நான்கு பெண்களைக் கூட்டி வா, போதும் என்றார்கள். கேட்டபோது என்னால் நம்பவே முடியவில்லை. எவ்வளவு நல்லவர்கள் என்றுகூட நினைத்தேன். ஐந்து பேரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டோம். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நான்கு பேர் கட்ட வேண்டும். எங்களையே ஒருத்திக்கு ஒருத்தி அடகாகப் பிடித்துக்கொண்டார்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. மழைக்கு ஒழுகிக்கொண்டிருந்த கூரை ஷீட்டை அந்தப் பணத்தில் மாற்றினேன். என் வாய் நீளம் என்பதால் என்னையே லீடராகவும் போட்டார்கள்.

மீட்டிங் புதன்கிழமை காலை ஏழு மணிக்கு. எங்கள் வீட்டு முன்னால் பாய் விரிப்போம். நான் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறவள். பத்து மணிக்குப் போனால் போதும் என்பதால் அந்த நேரம் எனக்கு ஒத்து வந்தது. அந்தக் காலைகளை நினைத்தால் இப்போதும் ஏதோ மயக்கமாக இருக்கிறது. பனி இறங்கியிருக்கும். தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்து கிடக்கிற சயனைடு மேட்டின் மேல் முதல் வெயில் பட்டு, மேடு முழுவதும் சந்தனம் பூசியதுபோல் நிற்கும். காற்று அடித்தால் அந்தத் தூள் மெல்ல எழுந்து எங்கள் பாய் மேல், எங்கள் தவணை அட்டைகள் மேல், எங்கள் இமை மேலெல்லாம் வந்து உட்காரும். அதற்குள் பைக்கில் கம்பெனிக்காரர் வந்துவிடுவார். எல்லோரும் எழுந்து நின்று உறுதிமொழி சொல்வோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி கையை நீட்டிக்கொண்டு, வாங்கிய கடனைத் தவறாமல் கட்டுவேன், என் சகோதரிக்குத் துணை நிற்பேன் என்று. அந்த இரண்டாவது வரியைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருக்கும்.

கம்பெனிக்காரர் முள்பாகல் பக்கத்து ஆள். நாற்பது வயது இருக்கும். வீட்டில் தெலுங்கு, ஆபீசில் கன்னடம், எங்களிடம் தமிழ். மூன்றிலும் ஒரு கடுமையான வார்த்தை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. "உங்க சென்டர் ரொம்ப ஒழுங்கான சென்டருக்கா" என்பார். எங்களை வரிசையாக நிற்க வைத்து போட்டோ எடுத்து மேலே அனுப்புவார். தவறாமல் கட்டினால் அடுத்த லோன் சீக்கிரம், பெரிதாக, பாதி விலைக்கு மிக்சியும் உண்டு என்பார். நாங்களும் உருகிப்போவோம். யாராவது தவணை கொண்டு வராவிட்டாலும் அவளை ஒன்றும் கேட்க மாட்டார். அட்டையை மூடி வைத்துவிட்டு மேட்டைப் பார்த்துக்கொண்டு, "பரவாயில்லக்கா, நான் வெயிட் பண்றேன்" என்பார். அவ்வளவுதான். அவர் வெயிட் பண்ணும் வரை யாரும் எழுந்து போக முடியாது. ஒருத்திக்கு அடுப்பில் பால், ஒருத்திக்கு ஸ்கூல் வேன், எனக்குக் கடை. அரை மணி நேரத்தில் நாங்களே அவளைத் தின்றுவிடுவோம். அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடிப்பார்.

ஒரு நாள் விடியலில் கிரைண்டர் நடுவிலேயே நின்றது. தீய்ந்த வாசனை சுவரைத் தாண்டி என் படுக்கை வரைக்கும் வந்தது. மோட்டார் புகைந்துவிட்டது. மாவு இல்லை என்றால் அவளுக்கு வரும்படி இல்லை. புருஷன் போய்ச் சேர்ந்து பல வருடம். அந்த வாரம் அவளால் கட்ட முடியவில்லை. மற்ற மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். "நீதானே லீடரு, அதுவும் பக்கத்து வூடு" என்றாள் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்க்கிறவள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் பாத்துக்கறேன், போங்கடி" என்றேன். வீராப்பு பேசிவிட்டேனே தவிர, கையில் பஸ் காசுதான் இருந்தது.

அன்று மத்தியானம் கடையின் பின்பக்கம், புடவைக் கட்டுகளுக்கு நடுவில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு போனைப் பார்த்தேன். கோலம் போடுகிற வீடியோவுக்கும் கோழிக் குழம்பு வீடியோவுக்கும் நடுவில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே, ஐந்து நிமிடத்தில் கடன் என்றாள். தொட்டேன். ஒரு லோன் ஆப் போனில் இறங்கி, என்னென்னவோ கேட்டது. உன் போட்டோக்களைப் பார்க்கட்டுமா, சரி. உன் போனில் இருக்கிற நம்பர்களை எல்லாம் பார்க்கட்டுமா, சரி. தூக்கத்தில் யாரோ கேட்பதற்குத் தலையாட்டுகிற மாதிரி எல்லாவற்றுக்கும் சரி சரி என்று அழுத்திக்கொண்டே போனேன். கடைசியில் முகத்தைக் காட்டு, கண்ணைச் சிமிட்டு என்றது. சிமிட்டினேன். சோறு ஆறுவதற்குள் பணம் வந்து விழுந்தது. கேட்டதைவிடக் குறைவாகத்தான் வந்தது, முன்கூட்டியே ஏதோ பிடித்துக்கொண்டார்கள். ஆனால் யார் காலிலும் விழவில்லை, யார் முகத்தையும் பார்க்கவில்லை. எனக்கு அது மாயமாக இருந்தது. ஏழே நாளில் திருப்பிக் கட்ட வேண்டும் என்பதைச் சாயங்காலம்தான் ஒழுங்காகப் படித்தேன்.

அவளுடைய இரண்டு வாரத் தவணையை நான் கட்டினேன். எங்கிருந்து என்று அவளிடம் சொல்லவில்லை. அவள் கேட்டதற்கு, "என்கிட்ட கீது, நீ பேசாம மோட்டார பாரு" என்றேன். முதல் ஆப்புக்குக் கட்ட இரண்டாவது ஆப். அதற்குக் கட்ட மூன்றாவது. சொல்லியிருக்கலாம். சுவருக்கு அந்தப் பக்கம்தானே இருந்தாள். சொல்லாததால் எனக்குள் ஒரு எரிச்சல் ஏறிக்கொண்டே போனது. இவள் பாட்டுக்கு இருக்கிறாள், நான் கிடந்து சாகிறேன் என்று. அவள் தட்டினால்கூட ஒன்றிரண்டு தடவை வேண்டுமென்றே தாமதமாகப் போனேன். காபியைக் கையில் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்ப்பாள்.

மூன்றாவது புதன்கிழமை அவள் மீட்டிங்குக்கே வரவில்லை. வீட்டுக் கதவு மூடியிருந்தது. எங்கள் பக்கத்துக் குழு லோன்காரர்களிடம் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. 'உட்கார்றது' என்பார்கள். கட்டாதவள் வாசலில் மற்றவர்கள் போய் உட்கார்ந்துகொள்வது. அவள் கதவைத் திறந்து பணத்தை வைக்கும் வரை எழுந்திருக்கக் கூடாது. போய் உட்காருங்கள் என்று எந்தக் கம்பெனிக்காரரும் வாய் திறந்து சொல்வதில்லை. எங்கள் ஆளும் சொல்லவில்லை. "பேசிப் பாருங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு, பைக்கைப் புங்க மர நிழலுக்குத் தள்ளிக்கொண்டு போனார். நான் நினைத்திருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். லீடர் நான். ஆனால் முதலில் எழுந்து பாயைச் சுருட்டியது நான்தான்.

நான்கு பேரும் அவள் வாசலில் உட்கார்ந்தோம். மற்ற மூன்று பேரும் கத்தினார்கள். "இன்னாமே, உள்ளதான கீற? கதவத் தொற." "உன் துட்டுக்கு நாங்க தாலிய வெக்கணுமா?" நான் வாயைத் திறக்கவில்லை. ஊரே கேட்கும் என் வாய், அன்று ஒட்டிக்கொண்டதுபோல் இருந்தது. திறந்தால் ஆப் விஷயம் கொட்டிவிடும், இல்லை அழுகை வந்துவிடும் என்று பயம். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு அவள் வாசல் கோலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோலம் அழகாகப் போட்டிருந்தாள். வெயில் ஏற ஏற ஆயா உட்கார்ந்திருந்த பக்கம் அது அழிந்துகொண்டே வந்தது. எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை. எல்லாமே தூரத்தில் நடப்பதுபோல் இருந்தது. ஒரு கட்டத்தில் பின் சந்துக்குள் லக்கேஜ் ஆட்டோ ஒன்று வந்து போன சத்தம் கேட்டது. யார் வீட்டுக்கோ என்று விட்டுவிட்டேன்.

பிறகு கதவு திறந்தது. கையில் பணத்தோடு நின்றாள். முகம் அமைதியாகத்தான் இருந்தது. ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டு வந்தவள், கடைசியில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். அப்போது அந்த முகம் மாறியதை எனக்குச் சொல்லத் தெரியாது. கோபம் என்று எடுத்துக்கொண்டேன். குனிந்து பணத்தை என் கையில் வைத்தாள். அந்த வாரத் தவணை, நான் கட்டிய இரண்டு வாரம், எல்லாம் சேர்த்து.

"எண்ணிக்கோ" என்றாள். கதவை மூடிவிட்டாள்.

கிரைண்டரைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிட்டாள் என்று மறுநாள் தெரிந்தது. ஃபிரிட்ஜும் போயிருந்தது. அவள் வாசலில் உட்கார்ந்த அன்று மத்தியானம் நான் வீட்டுக்குள் போனபோது, அந்த வாரம் மட்டும் ராத்திரி டியூட்டி பார்த்துவிட்டு வந்து படுத்திருந்த என் வீட்டுக்காரர் சிடுசிடுவென்று எழுந்தார். "இன்னா, பக்கத்துல புத்தர் படத்த எட்த்து மாட்றாங்களா? காலையிலேர்ந்து ஆணி அடிச்சிகினே கீறாங்க. ஒரு கண்ணு தூக்கம் இல்ல." எனக்கு இருந்த நிலைமையில், "அடிச்சா அடிக்கட்டும், இப்ப இன்னா அதுக்கு" என்று எரிந்து விழுந்துவிட்டுக் கடைக்கு ஓடினேன்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. விற்றதில் மிஞ்சியதைக் கொண்டு கடன் முழுவதையும் அடைத்துவிட்டுக் குழுவிலிருந்து விலகிக்கொண்டாள். கோரமண்டலில் ஒரு மெஸ்ஸுக்குச் சமைக்கப் போகத் தொடங்கினாள். விடியலில் அவள் கதவு சாத்தப்படும் சத்தம் மட்டும் கேட்கும். நான் தினமும் நேரம் கழித்து எழுந்தேன். எழுந்தாலும் எழுந்த மாதிரி இருக்காது. பகலெல்லாம் கண்ணுக்குள் தூக்கம் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சுவரில் இரண்டு தட்டினேன். அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கழுவத் தொடங்கிவிட்டாள். நான் முருகன் படத்துக்குக் கீழே உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்காரர் கேட்டதற்குத் தலைவலி என்றேன்.

அவள் திருப்பிக் கொடுத்த பணம் ஆப் வட்டிக்கே போதவில்லை. ஆப்காரர்கள் அதற்குள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். முதலில் கெஞ்சலாகச் செய்தி வந்தது, அப்புறம் மிரட்டல். இந்தியில் ஒருவன், ஆங்கிலத்தில் ஒருத்தி, கன்னடத்தில் இன்னொருவன். நான் எடுக்காவிட்டால் என் போனில் இருந்த ஒவ்வொரு நம்பருக்கும் போனார்கள். பால்காரர், கேஸ்காரர், பெண்ணின் காலேஜ் டீச்சர். பேத்தமங்களா ஏரித் தண்ணீரை எங்கள் லைனுக்குத் திறந்துவிடுகிற வால்வுக்காரர் குழாயடியில் எல்லோர் முன்னாலும் என்னைப் பிடித்தார். "இன்னாம்மா, எவனோ இந்தில கத்தறான் என்கிட்ட. தண்ணி எப்ப வரும்னு கேக்கறான்னு நெனச்சி, நாளைக்கு வரும் நாளைக்கு வரும்னு சொல்லிகினே கீறேன்!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குடம் நிரம்புவதற்கு முன்னாலேயே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் என் போட்டோ போனது. இவள் மோசக்காரி, இவளிடம் ஜாக்கிரதை என்று எழுதி, என் போனில் இருந்த எல்லோருக்கும். கடை முதலாளி மிகவும் மரியாதையானவர், ஒன்றும் கேட்கவில்லை. "கொஞ்ச நாளைக்கு உள்ள மடிக்கிற வேலை பாரும்மா, கவுன்டர் வேணாம்" என்று மட்டும் சொன்னார். பன்னிரண்டு வருடம் அவர் கல்லாவில் உட்கார்ந்தவள் நான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த மாதச் சம்பளம் கைக்கு வந்த அன்றே ஆப்புகளுக்குப் போய்விட்டது. புதன்கிழமைத் தவணைக்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

அந்தப் புதன்கிழமை பாய் விரிக்கவில்லை. வீட்டுக்காரர் பெங்களூரில் டியூட்டியில் இருந்தார். பெண் காலேஜ் போய்விட்டாள். கதவைத் தாழ் போட்டுவிட்டு நடுவீட்டில் உட்கார்ந்தேன். ஏழு மணிக்குப் பைக் வந்தது. கொஞ்ச நேரம் பேச்சு. "பேசிப் பாருங்கக்கா" என்ற குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. பிறகு என் வாசலில் புடவைகள் சரசரத்தன. உட்கார்ந்துவிட்டார்கள். "தோ பாரு, லீடரம்மா வூட்டுக்கே வந்துட்டோம். வெளிய வாமே" என்றாள் ஆயா.

உள்ளே இருப்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. புது ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கிலிருந்து ஒரு வெயில் குச்சி தரையில் விழுந்து மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. அதற்குள் தூசி மிதந்தது. நாக்கு உலர்ந்துவிட்டது. எழுந்து தண்ணீர் குடித்தால் சத்தம் கேட்குமே என்று உட்கார்ந்தே இருந்தேன். என் மிக்சி, என் டிவி, பெண்ணின் கம்மல் என்று ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. எதைத் தூக்கிப் போட்டால் இவர்கள் எழுந்து போவார்கள்? சுவரில் காதை வைத்தேன். அந்தப் பக்கம் அவள் நடமாடுவது கேட்டது. அன்று வேலைக்குப் போகவில்லை. கையைத் தூக்கினேன். எந்த முகத்தோடு தட்டுவது? கையை இறக்கிவிட்டேன்.

அப்போதுதான் கேட்டது. மூன்று தட்டு.

கனவு என்று நினைத்தேன். மறுபடி கேட்டது. டொக், டொக், டொக். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் பின்கதவு திறந்து அவளே வந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சொம்பில் தண்ணீர் மொண்டு என் கையில் கொடுத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உன் போட்டோ எனக்கும் வந்துச்சி. கண்ண மூடிகினு, சாமி வந்தவ மாதிரி. வேற நல்ல போட்டோவே கெடைக்கலயா உனக்கு?"

"சிமிட்ட சொன்னாங்கடி" என்றேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து தண்ணீர் புரையேறியது. தலையில் தட்டினாள். எல்லாவற்றையும் கொட்டினேன். முதல் ஆப், இரண்டாவது ஆப், அவள் தவணைக்குத்தான் தொடங்கியது என்பது, எல்லாம். வெளியே ஆயா கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"சொல்லியிருந்தா அப்பவே அடிச்சிருப்பேன் உன்ன" என்றாள் கடைசியில்.

"என் மேல கோவமா கீறியா இன்னும்?"

"கோவம் இன்னாத்துக்கு. அன்னிக்கு வாசல்ல உக்காந்தது தப்பில்ல, வழக்கம்தான், யாரா இருந்தாலும் உக்காருவாங்க." சொம்பை வாங்கி ஓரமாக வைத்தாள். "ஆனா நீயும் வெளிய கீறன்னு எனக்குத் தெரியாது. அவுளுங்க மூணு பேர் கொரல்தான் கேட்டுச்சி. உன் கொரல் இல்ல. நீ ஒரு எடத்துல கீறன்னா கேக்காம இருக்குமா? அதனால நீ வூட்லதான் கீறன்னு நெனச்சேன்." சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "மூணு தட்னேன். திரும்பத் திரும்பத் தட்னேன். நீ வரவே இல்ல. சரி, யாரும் இல்ல நமக்குன்னு, பழைய சாமான்காரனுக்குப் போன் பண்ட்டேன். மோட்டாரு சனிக்கிழமை ரெடி ஆயிடும்னு காயில் கட்றவன் சொல்லியிருந்தான்."

புத்தர் படத்துக்கு ஆணி அடிக்கிறாங்களா என்று என் வீட்டுக்காரர் கேட்டது அப்போது காதுக்குள் வந்து நின்றது. என் வீட்டுச் சுவரில் அவள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் அவள் வாசலில், அவள் கோலத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கதவைத் திறந்ததும் அவள் முகத்தில் வந்தது கோபம் இல்லை. எனக்கு அவள் மடியில் தலையை வைத்துக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவும் செய்தேன். வெளியே பேச்சு அடங்கிப்போனது.

"எழுந்துரு. மூஞ்சி கழுவு" என்றாள்.

தாழ்ப்பாளைத் திறந்தது அவள்தான். குழுவில் இல்லாதவள் என் வீட்டுக்குள்ளிருந்து வருவதைப் பார்த்து மூன்று பேரும் விழித்தார்கள். கம்பெனிக்காரர் மரத்தடியிலிருந்து வந்தார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு படியில் நின்றாள்.

"சார், இவகிட்ட இந்த வாரம் துட்டு இல்ல. உள்ள எதுவும் விக்கறதாவும் இல்ல. இல்லன்னு எழுதிக்கோங்க."

"அக்கா, நான் வெயிட் பண்றேன்..."

"பண்ணுங்க. நானும் இவ கூட நிக்கறேன். சாயங்காலம் ஆனாலும் இல்லன்னுதான் சொல்லுவோம்."

அவர் எங்கள் இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். மேட்டை ஒரு தடவை பார்த்தார். ஆயா தலையைக் குனிந்துகொண்டு, "எழுதிக்கோங்க சார், எனக்கும் கொழந்தைக்குச் சோறு கட்டணும்" என்றாள். பேனாவை எடுத்து, அட்டையில் அந்த வாரத்துக் கட்டத்தில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். பைக் கிளம்பிப் போனது. அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை.

அதை எழுத அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அன்றைக்கு அவள் வாசலில் உட்கார்ந்திருந்த நான்கு பேரில் யாராவது ஒருத்தி, இல்லை என்று எழுதிக்கோங்க சார் என்று சொல்லியிருந்தால் போதும். ஊரே கேட்கும் வாய் எனக்குத்தான் இருந்தது.